ஸால்ட்பொம்மல்: மனே கல்யாணத்துக்கும் மார்க்ஸ் கட்டிக்கும் நடுவே எட்டு வாரம்

ரயில்கிறுக்கன்:
மூன்று வருடமாக நெதர்லாந்தில் டென் பாஸிலிருந்து உட்ரெக்ட்டுக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன். நடுவில் ஒரு பெரிய ஆறு வரும், அதற்கு முன்னால் ஒரு சின்ன ஊர், அதில் உச்சி வெட்டிவிட்ட மாதிரி ஒரு தேவாலயக் கோபுரம். நான் போகும் வண்டி அங்கே நிற்காது, அதனால் அந்த ஊரின் பெயரைக்கூட ஒழுங்காகப் படித்ததில்லை. போன மாதம் சிக்னல் கோளாறு, எல்லோரையும் அங்கேயே இறக்கிவிட்டார்கள். அடுத்த வண்டி எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. சரி, நடப்போம் என்று ஊருக்குள் போனேன். ஊர் பெயர் ஸால்ட்பொம்மல்.

கால் மணி நேரம் நடந்தால் ஊர் முடிந்துவிடுகிறது. நடுவில் சந்தைச் சதுக்கம், ஒரு பக்கம் பழைய கோட்டை மதிலும் அகழியும், இன்னொரு பக்கம் வால் ஆறு. (ஆமாம், பெயரே வால்தான். ரைன் நதி நெதர்லாந்துக்குள் நுழைந்ததும் பிரிகிறது இல்லையா, அதில் பெரிய கிளை இது. வால் என்று பெயர் வைத்துக்கொண்டு மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரை அதுதான் எடுத்துக்கொள்கிறது.) ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கப்பல்களைப் பார்த்துக்கொண்டே போனில் ஊர்க் கதையைத் தேடினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

1863 அக்டோபர் 28. பாரிஸ் ஓவியர் எதுவார் மனே இந்த ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொள்கிறார். அதே வருடம்தான் பாரிஸில் நிராகரிக்கப்பட்ட ஓவியங்களின் கண்காட்சியில் அவருடைய படத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. எட்டு வாரம் கழித்து, டிசம்பர் கடைசியில், கார்ல் மார்க்ஸ் இதே ஊருக்கு வருகிறார். உடம்பெல்லாம் ராஜபிளவைக் கட்டி, உட்கார முடியாது. பிப்ரவரி நடுப்பகுதி தாண்டும்வரை சொந்தக்காரர் வீட்டில் படுத்துக் கிடக்கிறார். அந்தச் சொந்தக்காரரின் பேரன்கள்தான் பின்னாளில் பிலிப்ஸ் பல்பு கம்பெனியைக் கட்டியவர்கள்.

இதெல்லாம் ஒரே ஊர், ஒரே குளிர்காலம். இதற்கு ஏதாவது காரணம் இருக்கிறதா, இல்லை நான் சும்மா வாயைப் பிளக்கிறேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
முதலில் பொம்மலாட்ட ஊர் என்று நினைத்துத்தான் இழையைத் திறந்தேன். ஏமாற்றம்.

அப்புறம் அந்த சொந்தக்காரர் விஷயம். பிலிப்ஸ் முதலாளியும் மார்க்ஸும் உறவு என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றும். நான் நம்புவதே இல்லை. என்ன முறை என்று கேட்டால் எல்லோரும் ‘கசின்’ என்று சொல்லி நழுவிவிடுகிறார்கள். சரியான முறையைச் சொல்லுங்கள், நம்புகிறேன்.

ரயில்கிறுக்கன்:
கணக்குப்பிள்ளை அண்ணா, தமிழில் சொன்னால்தான் இது விளங்கும்.

மார்க்ஸின் அம்மா ஹென்ரியெட் பிரஸ்பர்க், நைமேகன்காரர். அதுவும் வால் கரை ஊர்தான். அவருடைய தங்கை சோஃபி. சோஃபியைக் கட்டிக்கொண்டவர் ஸால்ட்பொம்மல் புகையிலை வியாபாரி லியோன் பிலிப்ஸ். ஆக லியோன், மார்க்ஸுக்குச் சித்தப்பா. லியோனின் மகன் ஃபிரெடரிக், மார்க்ஸுக்குத் தம்பி முறை. ஃபிரெடரிக்கின் பிள்ளைகள் கெரார்டும் ஆன்டனும். 1891-ல் அப்பா பணம் போட, கெரார்ட் ஐந்தோவனில் பல்புத் தொழிற்சாலை ஆரம்பித்தார். ஆன்டன் நான்கு வருடம் கழித்து உள்ளே வந்து வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அதாவது பிலிப்ஸ் கம்பெனி முதலாளிகளுக்குக் கார்ல் மார்க்ஸ் பெரியப்பா.

கணக்குப்பிள்ளை:
பெரியப்பா!! சரி, ஒத்துக்கொள்கிறேன். இனிமேல் வீட்டில் டியூப்லைட் போடும்போதெல்லாம் மூலதனம் ஞாபகம் வரும்.

ஓவியப்பித்து:
மனே பற்றிக் கொஞ்சம் கூடுதல் விவரம்.

மணப்பெண் சுசான் லேன்ஹோஃப் இந்த ஊரில் பிறந்தவர் இல்லை, டெல்ஃப்ட் நகரத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா ஸால்ட்பொம்மல் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். கோபுர மணிகளை வாசிப்பதும் அவர் வேலை. ஒல்லாந்துக் கோபுரங்களில் கோயில் மணி மாதிரி ஒரே மணியைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. சின்னதும் பெரிதுமாக வரிசையாக மணிகளைக் கட்டி, கீழே மரக்கட்டைகள் வைத்த ஒரு பலகையில் முஷ்டியால் குத்திப் பாட்டு வாசிப்பார்கள். அந்த வீட்டுப் பெண் பியானோவில் தேர்ந்து பாரிஸ் போய், மனே வீட்டுப் பையன்களுக்கு பியானோ டீச்சர் ஆனார். அங்கேதான் இருவருக்கும் பழக்கம்.

கல்யாணம் அதிலிருந்து பத்து வருடத்துக்கும் மேல் கழித்து. நடுவில் 1852-ல் சுசானுக்கு லியோன் என்று ஒரு மகன். (பிலிப்ஸ் லியோன் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வெளியே அந்தப் பையனை சுசானின் தம்பி என்றே சொல்லி வளர்த்தார்கள். அப்பா யார் என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். மனேவின் அப்பா ஒரு நீதிபதி, கண்டிப்பானவர். அவர் 1862-ல் இறந்த பிறகுதான் இந்தக் கல்யாணம் நடக்கிறது. அதுவும் பாரிஸில் இல்லை, பெண் வீட்டார் ஊரில். நண்பர்களில் பலருக்குக் கடைசிவரை விஷயமே தெரியாது. அதனால் ‘ஓவியர் ஏன் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்’ என்று ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஊர் வாய்க்கு எட்டாத இடம் வேண்டியிருந்தது, பெண் வீடும் அங்கேயே இருந்தது. நம் ஊரிலும் இப்படித்தானே திருப்பதியில் போய் முடித்துக்கொண்டு வருகிறார்கள்.

ரயில்கிறுக்கன்:
திருப்பதி உதாரணம் அருமை. மார்க்ஸுக்கும் அப்படி ஒரு காரணம் இருந்தது. 1863 நவம்பர் கடைசியில் அவருடைய அம்மா ட்ரியரில் இறந்தார். சொத்துக்குப் பொறுப்பு லியோன் பிலிப்ஸ் கையில், ஆகவே பணம் வாங்க ஸால்ட்பொம்மல் வந்தாக வேண்டும். வந்த இடத்தில் கட்டி உடைந்து படுத்துவிட்டார். அங்கிருந்து ஏங்கல்ஸுக்கு எழுதிய கடிதத்தில், சித்தப்பா தன் கையாலேயே பற்றுப் போடுகிறார் என்று உருகுகிறார். அப்படியே வீட்டுப் பெண்ணின் கருவிழியைப் பற்றியும் ஒரு வரி. முறைப்படி அந்தப் பெண் தங்கை, அதனால் அதை இங்கே விட்டுவிடுவோம்.

1861-லும் ஒரு தடவை வந்து, அம்மா சொத்தில் வரப்போகும் பங்கைக் காட்டி 160 பவுண்ட் முன்பணம் வாங்கிப் போயிருக்கிறார். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். 1864 ஜூனில் லண்டனிலிருந்து இதே சித்தப்பாவுக்கு ஒரு கடிதம். பங்குச்சந்தையில் விளையாடி 400 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தேன் என்று பெருமை அடிக்கிறார். அது உண்மையா, இல்லை வியாபாரி சித்தப்பா முன்னால் கெத்துக் காட்டினாரா என்று ஆராய்ச்சியாளர்களுக்கே சந்தேகம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. கடன் கொடுத்த சித்தப்பாவுக்கு வேறு எப்படிக் கடிதம் எழுதுவது?

காவிரிக்கரை:
நான் பொதுப்பணித்துறையில் ஆற்றுப் பாதுகாப்புப் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். மகள் டீல் நகரத்தில் இருக்கிறாள், ஸால்ட்பொம்மலுக்குக் கொஞ்சம் மேலே, அதே ஆறு. இரண்டு தடவை போய் ஆறு ஆறு மாதம் தங்கியிருக்கிறேன். அங்கே எனக்கு வேலையே கரையில் நடப்பதுதான்.

தம்பி, நீங்கள் சொல்வதெல்லாம் சுவாரசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது சுற்றுலாக் கையேட்டு வரலாறு. யாரோ பெரிய மனிதர் வந்தார், கட்டிக்குப் பற்றுப் போட்டார், போனார். ஊர் எப்படி 1100 வருடத்துக்கும் மேல் முழுகாமல் நின்றது என்பதை விட்டுவிட்டீர்கள். 850 வாக்கிலேயே பொமெலா என்று ஆவணத்தில் வருகிற ஊர் அது. 1231-ல் நகர உரிமை. ஹன்சா வணிகக் கூட்டணியில் இருந்த ஊர். இவ்வளவும் ஆற்றங்கரை மேட்டில் உட்கார்ந்திருந்ததால் வந்தது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கே வால், தெற்கே மாஸ், நடுவில் தட்டையான நிலம். அதற்கு பொம்மலர்வார்ட் என்று பெயர். ‘வார்ட்’ என்றால் ஆறுகள் சூழ்ந்த நிலம். நம் பக்கம் அரங்கம் என்போமே, அதுதான். இந்த நிலம் வெள்ள மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. எங்காவது கரை உடைந்தால் தொட்டி நிரம்புகிற மாதிரி நிரம்பும். 1861 ஜனவரியில் அப்படித்தான் நிரம்பியது, உங்கள் மார்க்ஸ் முன்பணம் வாங்க வந்தாரே, அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான். அவர் வந்தபோது சுற்றிலும் வெள்ளம் பார்த்த சேறாகத்தான் இருந்திருக்கும்.

அங்கே கரை ஒன்று இல்லை, இரண்டு. ஆற்றை ஒட்டிக் குட்டையாக ஒரு கோடைக்கரை, தள்ளி உயரமாக ஒரு குளிர்காலக் கரை. நடுவில் இருப்பது படுகை. கொள்ளிடத்துக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதே படுகைதான். கோடையில் மாடு மேயும், குளிர்காலத்தில் ஆறு அதையும் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் வழிந்து கரை மேல் ஏறுவதுதான் ஆபத்து என்று எல்லோரும் நினைப்பார்கள். அது இரண்டாவது ஆபத்துதான். முதல் ஆபத்து கரைக்கு அடியில் இருக்கிறது. பழைய ஆற்று மணல் அடியில் கிடக்கும். வெளியே ஆறு ஏறியதும் அந்த மணல் வழியாக அழுத்தம் உள்ளே வந்து, கரைக்கு இந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய புல்வெளியில் ஊற்றாகக் கொப்பளிக்கும். தெளிந்த தண்ணீர் வந்தால் பயமில்லை. மணலைக் கக்கினால் கரை அடியில் குழாய் விழுகிறது என்று அர்த்தம். ஊற்றைச் சுற்றிக் கொப்பளித்த மணல் ஒரு எறும்புப்புற்று மாதிரி குவிந்து நிற்கும், நான் கண்ணால் பார்த்தேன். அதை மூட்டை போட்டு அடைக்கக் கூடாது. அடைத்தால் பக்கத்தில் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றிலும் கிணற்றுக்குச் சுவர் எழுப்புவது போல மணல் மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீரை ஏறவிட வேண்டும். ஏறிய தண்ணீர் தன் கனத்தாலேயே ஊற்றை அமுக்கும். மணல் வருவது நிற்கும், தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருக்கும். நாங்களும் இதையேதான் செய்வோம். அங்கே அதற்கு ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற தன்னார்வலர் கூட்டம் இருக்கிறது, கரைப்படை என்றே பெயர்.

இதைப் பார்த்துக்கொள்ளத் தனி நீர் வாரியம், அதற்குத் தனி வரி, தனித் தேர்தல். மகள் ஓட்டுச் சீட்டைக் காட்டினாள். வாய்க்காலுக்காக ஓட்டுப் போடுகிற நாடு அது.

வன்னிமதி:
ஐயா எழுதினதைப் படிக்க எனக்கு 1995 வெள்ளம் ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் அப்போது பொம்மலர்வார்டுக்குள் ஒரு கிராமத்தில் இருந்தோம். நாட்டில் இருந்து வந்து ஏழெட்டு வருடம், மூத்தவனுக்கு ஐந்து வயது.

ஜனவரி கடைசி. ஆறு ஏறிக்கொண்டே இருக்குது என்று நாலைந்து நாளாகச் சனம் கதைத்தார்கள். ஆனால் ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. ஒல்லாந்துக்காரர் தண்ணீருக்குப் பயப்பட மாட்டார்கள் என்று நாங்களும் இருந்துவிட்டோம். அப்புறம் ஒரு நாள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர், 70 வயதுக்கு மேல் இருக்கும், பியர் போத்தல் பெட்டிகளை அடுக்கி அதன் மேல் தன் பியானோவை ஏற்ற எங்கள் வீட்டுக்காரரை உதவிக்குக் கூப்பிட்டார். இவர் போய்த் தூக்கிக் கொடுத்தார். தண்ணீர் வந்தால் கூரை வரைக்கும் வரும் என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டு பெட்டி உயரத்துக்குப் பியானோவை ஏற்றிவிட்டுத்தான் போனார்கள். நான் அரிசி மூட்டையையும் கல்யாண அல்பத்தையும் மேல்மாடியில் வைத்தேன். எங்களுக்கு வீட்டை விட்டு ஓடுவது புதிதில்லைதானே, அரை மணித்தியாலத்தில் கட்டிவிட்டேன். அயலட்டைச் சனத்துக்குத்தான் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை.

றோட்டெல்லாம் மாட்டு லொறி. மனிசரை விட மாடு, பன்றி, கோழிதான் கூடப் போனது. நாங்கள் டென் பாஸில் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றோடு தங்கினோம். ஒரு வீட்டில் பதினாலு பேர். கரை உடையவில்லை. சில நாளில் திரும்பி வந்தோம். கிழவரின் பியானோவை இறக்கத்தான் ஆள் இல்லை, அது கோடை வரைக்கும் பியர் பெட்டி மேலேயே நின்றது. அவர் ஸ்டூல் மேல் ஸ்டூல் வைத்து வாசிப்பார்.

காவிரிக்கரை:
அம்மா, நீங்கள் எழுதியதுதான் இந்த இழையிலேயே உருப்படியான வரலாறு.

எண்ணிக்கையை நான் சேர்த்துவிடுகிறேன். அந்தத் தடவை ஆற்றுப் பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். ரைன் நாட்டுக்குள் நுழையும் லோபித்தில் நீர்மட்டம் 16.68 மீட்டர், விநாடிக்குச் சுமார் 12,000 கன மீட்டர். நம் செய்தித்தாள் கணக்கில் நாலேகால் லட்சம் கன அடி. அதில் பெரும்பங்கு வாலில்தான் இறங்கியது. கரைகள் நாள்கணக்கில் ஊறி, உள்பக்கம் சரிந்துவிடுமோ என்ற பயத்தில்தான் ஊரைக் காலி செய்தார்கள்.

ஏன் அந்தக் கரைகள் பலவீனமாக இருந்தன என்று யாரும் கேட்பதில்லை. 1953-ல் கடல் உள்ளே வந்து 1,800 பேருக்கு மேல் இறந்த பிறகு, பணமும் கவனமும் கடல் பக்கம் போய்விட்டது. ஆற்றுக் கரைகளை உயர்த்தும் வேலையும் ஆரம்பித்தார்கள். ஆனால் இதே பொம்மலர்வார்டில், பிராக்கல் என்ற ஊரில், 1970களில் கரையை அகலப்படுத்தக் கரை மேல் இருந்த பழைய வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நாடே கொதித்தது. எங்கள் ஊரை இப்படி ஆக்காதே என்று ஒவ்வொரு ஊரும் எதிர்த்ததில் வேலை இழுத்துக்கொண்டே போய் 95 வந்துவிட்டது. இடித்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்று என்னைப் போன்ற பொறியாளன் சொல்லலாம். ஆனால் அந்த வீடுகள் நின்ற கரையை நான் பழைய படத்தில் பார்த்தேன். எனக்கே மனசு வரவில்லை.

95-க்குப் பிறகு யோசனையே மாறியது. கரையை உயர்த்திக்கொண்டே போவதற்குப் பதில் ஆற்றுக்கு இடம் விடு என்று முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளினார்கள், படுகையை ஆழப்படுத்தினார்கள். பொம்மலர்வார்டின் மேற்கு மூலையில் லூவஸ்டைன் கோட்டை பக்கத்தில்கூட ஒன்று நடந்திருக்கிறது.

பழவேற்காட்டான்:
லூவஸ்டைன் என்ற பெயரைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். ஹ்யூகோ குரோஷியஸ் அடைபட்டிருந்த கோட்டை ஆயிற்றே! இப்போது அது ஸால்ட்பொம்மல் நகராட்சிக்குள்தான் வருகிறது.

கதை சுருக்கமாக: கீழைக் கடலில் போர்ச்சுகீசியர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது, கடல் எல்லோருக்கும் பொது என்று ஒல்லாந்துக் கம்பெனிக்காக வாதாடி 1609-ல் எழுதியவர் இந்தக் குரோஷியஸ். உள்நாட்டு மதச்சண்டையும் அரசியலும் சேர்ந்து 1619-ல் ஆயுள் சிறை. அவர் மனைவி மரியா கெட்டிக்காரி. புத்தகம் கொண்டுவரும் பெட்டி மாதக்கணக்கில் போய்வரப் போய்வரக் காவலர்களுக்கு அலுத்துப்போய்ச் சோதிப்பதையே விட்டுவிட்டார்கள். 1621 மார்ச் 22-ல் புத்தகத்துக்குப் பதில் புருஷனைப் பெட்டிக்குள் மடித்து வைத்துப் பூட்டி ஆற்றுக்கு அக்கரைக்கு அனுப்பிவிட்டார். கூடப் போனது வீட்டு வேலைக்காரப் பெண். இன்று ‘அந்தப் பெட்டி எங்களிடம்தான் இருக்கிறது’ என்று ஒன்றுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் சொல்கின்றன. ஒவ்வொன்றையும் அளந்து பார்க்க வேண்டும்.

நான் ஏன் குதிக்கிறேன் என்றால், ஸால்ட்பொம்மல் இருக்கும் மாகாணம் கெல்டர்லாந்து. லத்தீனில் கெல்டிரியா. எங்கள் பழவேற்காட்டில் 1613-ல் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையின் பெயரும் கெல்டிரியாதான். அதைக் கட்டிய காலத்தில் பொறுப்பில் இருந்த வெம்மர் வான் பெர்கெம் அந்த மாகாணத்துக்காரர், தன் ஊர்ப் பெயரை வைத்துவிட்டார். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரைக்கே அதுதான் தலைமையிடம். இப்போது கோட்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை, அகழியும் முட்புதரும்தான். பக்கத்தில் எலும்புக்கூடு செதுக்கிய நுழைவாயிலோடு கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. சின்ன வயதில் அங்கே கிரிக்கெட் ஆடும்போது பந்து கல்லறைப் பக்கம் போனால் எடுக்கப் போகவே பயப்படுவோம். அந்தப் பெயர் எங்கோ இப்படி மாடு மேயும் ஒரு மாகாணத்தின் பெயர் என்று அப்போது யார் சொன்னார்கள்?

கணக்குப்பிள்ளை:
நான் வேறு ஒரு கட்டுரையில் மார்ட்டன் வான் ரோஸம் என்று ஒருவரைப் பார்த்தேன். ஸால்ட்பொம்மலில் அவர் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறதாமே. தலைவரா, கொள்ளைக்காரரா?

ரயில்கிறுக்கன்:
இரண்டும். நான் அந்த வீட்டுக்குள் போனேன். 1535 வாக்கில் கட்டியது, சின்னக் கோட்டை மாதிரி மூலையில் கூர்ச்சிகரங்கள், வாசல் முழுக்கச் சிற்பம். கெல்டர்லாந்து தனி ராஜ்யமாக இருந்தபோது அதன் படைத்தலைவர். 1528-ல் ஹேக் நகரத்துக்குள் புகுந்து சூறையாடினார், 1542-ல் ஆன்ட்வெர்ப்பை முற்றுகை போட்டார். போகிற இடமெல்லாம் ‘பணம் கொடு, இல்லாவிட்டால் கொளுத்துவேன்’ என்பதுதான் முறை. 1543-ல் கெல்டர்லாந்து பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் விழுந்ததும், அதுவரை யாரை எதிர்த்தாரோ அந்தச் சார்லஸின் படையிலேயே சேர்ந்துவிட்டார். கட்சித் தாவலுக்கு ஐரோப்பாவிலும் பழைய மரபு உண்டு.

அந்தக் கோபுரம் ஏன் மொட்டையாக இருக்கிறது என்பதும் அதே காலத்துக் கதைதான். 1538-ல் இடி விழுந்து உச்சிக்கூம்பு எரிந்தது. அப்புறம் அதன் பழைய உயரம் திரும்பி வரவே இல்லை. 1572-ல் ஊர் ஸ்பெயினுக்கு எதிரான கலகத்தில் சேர்ந்தது, 1599-ல் ஸ்பானியர் முற்றுகையிட்டு முடியாமல் திரும்பினார்கள். அதெல்லாம் மதிலைப் பார்க்கும்போது தோன்றவில்லை. இப்போது மதில் மேல் நாய் நடத்துகிறார்கள்.

காவிரிக்கரை ஐயா சொன்னதற்கு வருகிறேன். ஆறுதான் வரலாறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படியே திருப்பிப் போட்டால் என் கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. மனேவும் மார்க்ஸும் வந்தபோது வால் மேல் பாலமே கிடையாது. ரயில் பாலம் 1869-ல்தான் வந்தது. வண்டி, கார் எல்லாம் 1933 நவம்பரில் சாலைப் பாலம் வரும்வரை படகில்தான் ஆற்றைத் தாண்டின. ஆற்றைத் தாண்ட நினைக்கிறவன் இங்கே நின்றே ஆக வேண்டும். நின்றால் சாப்பிட வேண்டும், தங்க வேண்டும், புகையிலை வாங்க வேண்டும். பாலம் வந்ததும் நிற்க வேண்டிய தேவை போயிற்று. ஃபிரெடரிக் பிலிப்ஸ் அந்த ஊரிலேயே வங்கியாளர், ஊருக்கு விளக்கெரிக்கும் காஸ் ஆலையும் அவர் கையில். ஆனால் மகன் மின்பல்பு செய்யக் கிளம்பியபோது இங்கே ஆரம்பிக்கவில்லை. காலியாகக் கிடந்த ஒரு கட்டடத்தைத் தேடி ஐந்தோவன் போய்விட்டார்.

வன்னிமதி:
நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் பாலம் வந்ததால் ஊர் செத்துப்போன மாதிரி எழுதாதீர்கள். 1944 ஒக்டோபர் கடைசியில் டென் பாஸ் விடுதலையாகிவிட்டது. ரயிலில் கால் மணித்தியாலம்கூட இல்லாத இந்த ஊருக்கு 1945 மே மாதம்தான் விடுதலை. பியானோக் கிழவர் அந்தக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மாஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நேச நாட்டுப் படை, இந்தப் பக்கம் ஜேர்மன்காரர், நடுவில் இவர்கள். அப்போது பாலமும் உதவவில்லை, படகும் உதவவில்லை.

பாலம் பார்க்க வந்த கவிஞரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே? என் பிள்ளைகள் பள்ளியில் படித்தார்கள். மார்டினுஸ் நைஹோஃப். புதுப்பாலத்தைப் பார்க்கவென்றே பொம்மலுக்குப் போனவர், புல்லில் கிடந்தபடி பாலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழே ஒரு படகில் தனியாக ஒரு பெண் பாடிக்கொண்டு போகிறாள், அவருக்குத் தன் அம்மா ஞாபகம். பதினாலு வரிதான். 1996-ல் கட்டின நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கவிஞர் பார்த்த பழைய பாலத்தைப் பிறகு இடித்துவிட்டார்கள்.

ஓவியப்பித்து:
அக்கா, அந்தப் பாடல் பெண் இப்போதும் போகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். நானும் ஒரு தடவை அந்தக் கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய தொட்டிப்படகுகள் ஆறை ஒன்றாகக் கட்டிப் பின்னாலிருந்து ஒரே கப்பல் தள்ளிக்கொண்டு போகும், ரோட்டர்டாமிலிருந்து ஜெர்மனி எஃகு ஆலைக்கு இரும்புத்தாது. அதற்குப் பின்னாலேயே குடும்பமாக வாழும் சரக்குப் படகுகள். மாலுமி அறை ஜன்னலில் பூப்போட்ட திரைச்சீலை, பின்தளத்தில் குடும்பக் காரும் அதை இறக்க ஒரு சின்னக் கிரேனும், பக்கத்தில் வலை கட்டிய கூண்டுக்குள் குழந்தை விளையாடும். ஒரு படகில் ஒரு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே கடந்துபோனார். பாடவில்லை, போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. நம் குழந்தைகள் டச்சுப் பள்ளியில் பார்க்கும் யிப், யான்னக்கே என்ற கறுப்பு நிழலுரு பொம்மைகளை வரைந்த ஃபீப் வெஸ்டன்டார்ப், 1916-ல் ஸால்ட்பொம்மலில் பிறந்தவர். கணக்குப்பிள்ளை கேட்ட பொம்மை ஒருவழியாகக் கிடைத்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:
மகிழ்ச்சி. ஏமாற்றத்தை வாபஸ் வாங்குகிறேன்.

ரயில்கிறுக்கன்:
வருகிற சனிக்கிழமை மறுபடி போகப் போகிறேன், இந்தத் தடவை டிக்கெட் எடுத்து, வேண்டுமென்றே. சந்தைச் சதுக்கத்தில் பிலிப்ஸ் வீட்டைப் பார்க்க வேண்டும். வான் ரோஸம் வீட்டுக்கும் இன்னொரு தடவை போக வேண்டும். பழவேற்காட்டான் அண்ணாவுக்கு லூவஸ்டைன் பெட்டியின் அளவும் எடுத்து வருகிறேன், விட்டால். மழை இல்லையென்றால் கரையில் பிராக்கல் வரை சைக்கிள்.

பழவேற்காட்டான்:
நீங்கள் பெட்டியைப் படம் போடுங்கள், நான் கெல்டிரியா அகழியைப் படம் எடுத்துப் போடுகிறேன். பாம்பு இருக்கிறது, தூரத்திலிருந்துதான்.

காவிரிக்கரை:
தம்பி, மழை இல்லாத நாளில் கரையில் பார்க்க ஒன்றும் இல்லை. பிப்ரவரியில், ஆறு படுகை மேல் ஏறி நிற்கும்போது போங்கள். கரை மேல் நின்று ஆற்றைப் பார்க்காதீர்கள், திரும்பி நின்று உள்பக்கத்து வாய்க்காலைப் பாருங்கள். எங்காவது தண்ணீர் கொப்பளித்தால் கொஞ்சம் கையில் அள்ளிப் பாருங்கள், மணல் இருக்கிறதா என்று.

வன்னிமதி:
இருந்தால் ஓடுங்கள். நான் டென் பாஸில்தான் இருக்கிறேன், சாப்பாடு இருக்கும்.